வாங்குபவரும் வள்ளலே!

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

கொடுப்பவரைப் புகழ நம்மிடம் சொற்கள் ஏராளம். வள்ளல், கொடையாளி, புரவலர், ஈகைச் செம்மல் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். கொடுப்பவருக்கு மேடை உண்டு, மாலை உண்டு, மறுநாள் செய்தித்தாளில் படமும் உண்டு. ஆனால் விலை கொடுத்து ஒரு பொருளை வாங்குபவரை எவரேனும் வள்ளல் என்று அழைத்ததுண்டா? "காசைக் கொடுத்தான், பொருளைப் பெற்றான், இதில் என்ன பெருமை?" என்றுதான் கேட்போம். நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். மேலைநாட்டுத் திருச்சபைகள் நடத்தும் பழம்பொருள் கடைகளைப் பற்றிப் படித்த பிறகு என் எண்ணம் மாறியது. அதைப் பேராசிரியப் பெருமக்களோடும் மாணவ நண்பர்களோடும் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

ஆல்டோனாவில் ஒரு கடை

கனடா நாட்டின் மானிட்டோபா மாநிலத்தில், அமெரிக்க எல்லைக்கு அருகே, ஆல்டோனா என்றொரு சிற்றூர் இருக்கிறது. மெனோனைட் என்னும் கிறித்தவப் பிரிவினர் அங்கே மிகுதி. போரில் ஆயுதம் ஏந்துவதில்லை என்பது அவர்கள் தலைமுறை தலைமுறையாகப் போற்றிவரும் கொள்கை. 1870களில் ரஷ்யப் பேரரசிலிருந்து குடிபெயர்ந்து வந்தவர்களின் வழிவந்தவர்கள் அவர்களுள் பலர். பிற்காலத்தில் அந்த ரஷ்ய மண்ணில் உள்நாட்டுப் போரும் பசியும் தலைவிரித்தாடியபோது, அங்கே எஞ்சியிருந்த தம் மக்களுக்கு உதவுவதற்காக 1920-இல் மெனோனைட் மையக் குழு என்னும் அமைப்பு உருவாயிற்று. பசியைக் கண்டவர்கள் பசித்தவர்களுக்காக அமைத்த குழு அது.

அந்தக் குழுவின் பணிக்குப் பணம் சேர்க்க, 1972-இல் ஆல்டோனாவைச் சேர்ந்த பெண்கள் நால்வர் ஒரு கடையைத் திறந்தனர். ஊரார் தமக்குத் தேவையில்லாத துணிமணிகளையும் வீட்டுச் சாமான்களையும் இலவசமாகக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். அவற்றைக் குறைந்த விலைக்கு விற்க வேண்டும். செலவு போக மிஞ்சுவதைக் குழுவுக்கு அனுப்ப வேண்டும். அவ்வளவுதான் திட்டம். இன்று அதே குழுவுக்காகக் கனடாவிலும் அமெரிக்காவிலும் பல ஊர்களில் இத்தகைய கடைகள் நடைபெறுகின்றன. வேறு பல திருச்சபைகளும் தத்தம் பெயரில் இப்படிக் கடைகள் வைத்திருக்கின்றன.

இக்கடை நடக்கும் விதத்தைச் சற்றே கற்பனைக் கண்ணால் பாருங்கள். பின்வாசலில் பைகள் வந்து இறங்குகின்றன. ஒரு பையில் வளர்ந்துவிட்ட பிள்ளையின் சட்டைகள். இன்னொரு பையில் காலமான பாட்டியின் தேநீர்க் கோப்பைகள். உள்ளே நீண்ட மேசை. பணி ஓய்வு பெற்ற பெண்கள் அதைச் சுற்றி நின்று துணிகளை உதறிப் பார்க்கிறார்கள். பொத்தான் இருக்கிறதா, கறை போகுமா, கிழிசல் தைக்கத் தகுமா என்று ஆராய்ந்து பிரிக்கிறார்கள். நல்லது முன்வாசல் பக்கம் போகிறது, விலைச்சீட்டு ஏறுகிறது. பெரும்பாலோர் சம்பளமில்லாத தொண்டர்கள். வாடகை, மின்சாரம், ஓரிருவர் சம்பளம் ஆகியவை போக மீதமுள்ள பணம் இரண்டு வழியாகப் பிரிகிறது. ஒரு வழி உள்ளூருக்கு: வேலையிழந்தவருக்கு உணவு, வீடற்றவருக்குத் தங்குமிடம். இன்னொரு வழி கடல் கடந்து: கிணறு, மருத்துவமனை, பள்ளிக்கூடம், அகதிகள் முகாம்.

எளிய ஏற்பாடுதான். ஆனால் எத்தனை நுட்பம்!

கடைக்கு வயது நூற்றுக்கு மேல்

இக்கருத்து 1972-இல் புதிதாகப் பிறந்ததன்று. இரட்சணிய சேனையைத் தோற்றுவித்த வில்லியம் பூத், 1890-இல் வெளியிட்ட தம் நூலில், இலண்டன் மாநகர வீடுகளில் வீணாகும் பொருள்களைச் சேகரிக்க ஒரு படையே வேண்டும் என்று திட்டம் வகுத்தார். வேலையற்றோர் அப்படையில் சேர்ந்து, வீசியெறியப்படும் பொருளைச் சேர்த்துச் செப்பனிட்டால் பொருளும் பிழைக்கும், மனிதரும் பிழைப்பர் என்பது அவர் கணக்கு. அவர் தோற்றுவித்த சேனைதான் நம் நாகர்கோவிலில் கேதரின் பூத் மருத்துவமனையை நடத்திவருகிறது என்பது நம்மில் பலர் அறிந்ததே.

1902-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் எட்கர் ஹெல்ம்ஸ் என்னும் மெதடிஸ்ட் போதகர் சாக்குப் பைகளுடன் செல்வர் வீடுகளை நாடிப் போனார். பழைய உடைகளையும் சாமான்களையும் திரட்டி வந்தார். ஏழைகளுக்கே கூலி கொடுத்து அவற்றைப் பழுது பார்க்கச் செய்தார், பிறகு விற்றார். அதுவே பின்னாளில் குட்வில் என்னும் பேரமைப்பாக வளர்ந்தது.

இரண்டாம் உலகப் போரின்போது ஜெர்மானியர் பிடியில் சிக்கிய கிரேக்க நாடு பட்டினியால் வாடியது. அம்மக்களுக்கு உணவு சேர்ப்பதற்காக 1942 அக்டோபரில் ஆக்ஸ்போர்டு நகரின் புனித மரியாள் தேவாலயத்தில் ஒரு கூட்டம் கூடியது. அங்கே பிறந்த குழுதான் ஆக்ஸ்பாம். போர் முடிந்தபின் மக்கள் நன்கொடையாகக் கொண்டுவந்து குவித்த பொருள்களை விற்க 1940களின் இறுதியில் அந்நகரின் பிராட் தெருவில் நிலையான கடை ஒன்று எழுந்தது.

நண்பர்களே, இவையெல்லாம் எங்கோ நடந்த கதைகள் என்று ஒதுக்கிவிட முடியுமா? அக்கடைகளின் கணக்கேட்டில் "வெளிநாடு" என்று எழுதியிருக்கிறதே, அந்த வெளிநாடு எது? பல ஆண்டுகள் அது நம் நாடு! மெனோனைட் மையக் குழு 1942-இல் கல்கத்தாவில் தன் பணியைத் தொடங்கிற்று. அடுத்த ஆண்டே வங்கப் பஞ்சம் இலட்சக்கணக்கான உயிர்களைக் குடித்தது. ஆக்ஸ்பாம் 1951-இல் பீகார்ப் பஞ்சத்துக்காக இந்தியாவுக்குள் காலெடுத்து வைத்தது. யாரோ ஒருவர் கழற்றிப் போட்ட கோட்டு நம் மக்களின் கஞ்சிக்கு அரிசியாக மாறியிருக்கிறது. ஆகவே இந்தக் கடையைப் பற்றிப் பேச நமக்கு உரிமையுண்டு. நாம் அதன் மறுகோடியில் நின்றவர்கள்.

எட்டாம் வகுப்பில் ஒரு படம்

இங்கே என் வாழ்வில் நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். என் அம்மா பீடி சுற்றுபவர். அப்பா கட்டட வேலைக்குப் போகிறவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான்.

எட்டாம் வகுப்பு படிக்கையில் ஓர் அமைப்பினர் எங்கள் பள்ளிக்கு வந்தனர். ஏழை மாணவியருக்கு உடை வழங்கும் விழா என்றார்கள். இருபது பேரை வரிசையில் நிறுத்தினார்கள். பெயரை ஒலிபெருக்கியில் அழைத்தார்கள். எனக்குக் கிடைத்தது நீல நிறச் சட்டையொன்று. அதன் மார்பில் நகரத்துப் பள்ளியொன்றின் முத்திரையைப் பிரித்தெடுத்த தையல் தடம் வரிவரியாக இருந்தது. "உயர்த்திப் பிடி, பாப்பா! சிரி!" என்றார் படம் பிடிப்பவர். உயர்த்திப் பிடித்தேன். சிரித்தேன். அந்தப் படம் நெடுநாள் எங்கள் பள்ளிச் சுவரில் தொங்கியது.

சட்டையை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அம்மா அதை ஒருமுறைகூட எனக்குப் போட்டுவிடவில்லை. அடுப்பிலிருந்து சட்டி இறக்கும் கரித்துணியாயிற்று அது. ஏனென்று எனக்கு அப்போது விளங்கவில்லை. ஏனெனில் அதே அம்மா வியாழக்கிழமைச் சந்தையில், தரையில் குவித்துப் போட்டு விற்கும் பழைய துணிக் குவியலில் ஒரு மணி நேரம் குனிந்து தேடி, ஐம்பது ரூபாய் என்றதை முப்பதுக்குப் பேசி, எனக்கு ஒரு சுடிதார் வாங்கிவந்து பெருமையோடு போட்டுப் பார்ப்பார். அதுவும் பழசு, இதுவும் பழசு. பின் என்ன வேறுபாடு? ஒருநாள் கேட்டேவிட்டேன். அம்மா சொன்னார்:

"காசு குடுத்து வாங்குனா அது நம்ம துணி. சும்மா குடுத்தா, எத்தன தடவ தொவைச்சாலும் அது அவுங்க துணிதான்."

பொருளாதாரப் பாடத்தில் எனக்குப் பயிற்சியில்லை. ஆயினும் அம்மாவின் அந்த ஒரு சொல்லில் ஆல்டோனாக் கடையின் தத்துவம் முழுவதும் அடங்கியிருக்கிறது என்று துணிந்து கூறுவேன். விலை என்பது வெறும் பணமன்று. "எனக்கு இது வேண்டும், அது வேண்டாம்" என்று சொல்லும் உரிமையே விலை. விலைச்சீட்டு தொங்கும் கடையில் ஏழை தலை நிமிர்ந்து நுழையலாம். பிடிக்காததைத் திருப்பி மாட்டிவிட்டு வெளியே வரலாம். எவரும் படம் பிடிப்பதில்லை. எவரும் சிரிக்கச் சொல்வதில்லை.

உண்மையான கொடையாளி யார்?

இன்னும் ஒருபடி மேலே போவோம். அக்கடையிலிருந்து கடல் கடந்து போவது என்ன? துணியா? இல்லை, பணம். அந்தப் பணம் யாருடைய பையிலிருந்து வந்தது? துணியைக் கொண்டுவந்து போட்டவர் ஒரு காசும் கொடுக்கவில்லை. தமக்கு வேண்டாத ஒன்றைத் தந்தார். அலமாரியில் இடம் பிறந்தது. தொண்டர் தம் நேரத்தைத் தந்தார்; அது பெரிது. ஆனால் பணத்தைத் தந்தவர் வாங்கியவரே! மாதக் கடைசியில் பிள்ளைக்குக் குளிர்ச் சட்டை தேடி வந்த ஒரு தாய் எண்ணிக் கொடுத்த நாணயங்கள்தாமே எங்கோ ஒரு கிணற்றில் நீராகச் சுரக்கின்றன? அவர் வாங்காவிட்டால் மலைபோல் துணி குவிந்தாலும் ஒரு செங்கல்கூட நகராது.

ஆனால் உலகம் அவரை எப்படிப் பார்க்கிறது? பிரிட்டனில் ஒரு சட்டம் இருக்கிறது. வருமான வரி கட்டும் ஒருவர் அறக்கட்டளைக் கடைக்குப் பொருளைக் கொடுத்து, "இதை என் சார்பில் விற்று, அப்பணத்தை என் நன்கொடையாக ஏற்றுக்கொள்ளுங்கள்" என்று கையெழுத்திட்டால், விற்ற ஒவ்வொரு பவுனுக்கும் அரசு இருபத்தைந்து பென்ஸ் சேர்த்துக் கொடுக்கிறது. நல்ல சட்டந்தான். கடைக்கு அதனால் கூடுதல் வருவாய். ஆயினும் அந்த ஏட்டில் நன்கொடையாளர் என்று பெயர் ஏறுவது பொருளைத் தந்தவருக்கே; பணத்தைத் தந்தவர் பெயர் எங்கும் இல்லை. சட்டத்தின் கண்ணுக்கு அவர் வெறும் வாடிக்கையாளர். என் கண்ணுக்கு அவர் வள்ளல்.

எதிர்ப்புக் குரல்கள்

இக்கடைகளை நான் கண்மூடிப் புகழ வரவில்லை. நேர்மையாகச் சிந்திப்பவர் எழுப்பக்கூடிய ஐயங்கள் சில உண்டு.

முதலாவது, "மிஷன் என்றால் மதப் பரப்புதல் அல்லவா? ஏழை கொடுத்த காசு அதற்குப் போகலாமா?" என்பது. சில திருச்சபைகளின் கடைப் பணம் மருத்துவத்துக்கும் கல்விக்கும் போகிறது. சிலவற்றின் பணம் சமயப் பணிக்கும் போகிறது. இரண்டையும் பிரிக்காமல் செய்வோரும் உண்டு. தம் பணத்தைத் தம் சமயத்துக்குச் செலவிட எவருக்கும் உரிமை உண்டு. ஆனால் நான் மேலே சொன்னபடி அது வாங்கியவரின் பணம். எனவே அது எங்கே போகிறது என்பதை வாங்கியவருக்குச் சொல்லியாக வேண்டும். பணம் வாங்கும் மேசைக்கு மேலே, கண்ணில் படும் எழுத்தில், கணக்கு தொங்க வேண்டும். படித்துவிட்டு வாங்கலாம், வாங்காமலும் போகலாம்.

இரண்டாவது ஐயம் இதைவிடப் பெரிது. விற்காத துணி எங்கே போகிறது? கடைகளில் எல்லாமே விற்றுவிடுவதில்லை. மிஞ்சியதைப் பல கடைகள் எடைக்கு வியாபாரிகளிடம் கொடுத்துவிடுகின்றன. அது பொதிகளாகக் கட்டப்பட்டுக் கப்பலேறுகிறது. கானா நாட்டின் தலைநகர் அக்ராவில் காண்டமாண்டோ என்னும் சந்தை உண்டு. வாரந்தோறும் ஏறத்தாழ 1.5 கோடி பழந்துணி உருப்படிகள் அங்கே வந்து இறங்குவதாக மதிப்பிடப்படுகிறது. "இறந்த வெள்ளைக்காரரின் துணி" என்று பொருள்படும் பெயரால் அந்நாட்டு மக்கள் அதை அழைக்கிறார்கள். இவ்வளவு நல்ல துணியை உயிரோடிருப்பவர் எவராவது கழற்றிப் போடுவாரா என்று வியந்து வைத்த பெயர் போலும்! அச்சந்தையை நம்பி ஆயிரக்கணக்கானோர் பிழைக்கிறார்கள் என்பது உண்மை. 2025 ஜனவரி முதல் நாளிரவு அங்கே மூண்ட தீயில் அவர்களுள் பலர் அனைத்தையும் இழந்தார்கள். ஆனால் பொதியைப் பிரித்ததும் பயனற்றது என்று தள்ளப்படும் துணி சாக்கடையிலும் கடற்கரையிலும் போய்ச் சேர்வதும் உண்மை. வேதியியல் மாணவி என்ற முறையில் ஒன்று சொல்வேன்: பருத்தி மக்கும், பாலியெஸ்டர் எளிதில் மக்காது. நம் பேரப்பிள்ளைகள் காலத்திலும் அது அலையோடு உருண்டுகொண்டிருக்கும்.

இது வேண்டாமென்று சொல்லவும் ஏழை நாடுகளுக்கு எளிதில் உரிமை கிடைப்பதில்லை. ருவாண்டா 2016-இல் பழந்துணி இறக்குமதிக்குத் தீர்வையைப் பன்மடங்கு உயர்த்தித் தன் நெசவுத் தொழிலை வளர்க்க முயன்றது. அமெரிக்கா 2018-இல் அந்நாட்டு ஆயத்த ஆடைகளுக்கு அளித்துவந்த வரிச் சலுகையை நிறுத்திவைத்தது. சந்தையில் "இது வேண்டாம்" என்று திருப்பி வைக்கும் என் அம்மாவின் உரிமை ஒரு நாட்டுக்கே மறுக்கப்பட்டது!

நம் மண்ணிலும் இதைக் கண்டோம். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் நாகப்பட்டினம் கடற்கரைச் சாலைகளில் மூட்டை மூட்டையாகப் பழந்துணி கேட்பாரற்றுக் கிடந்தது. அனைத்தையும் இழந்த மீனவ மக்கள்கூட அவற்றைத் தொடவில்லை. அவர்கள் இழந்தவர்கள்தாம், இரந்தவர்கள் அல்லர். இந்த உண்மையை உணர்ந்து செயல்படுவோரும் நம் நாட்டில் உண்டு. 1999-இல் டில்லியில் அன்ஷு குப்தா தொடங்கிய கூஞ்ச் என்னும் அமைப்பு, நகரங்களில் சேர்த்த துணியைச் சிற்றூர்களில் சும்மா வீசுவதில்லை. ஊரார் கூடிக் கிணறு வெட்டினாலோ பாதை போட்டாலோ அந்த உழைப்புக்கு ஈடாகத் துணியைத் தருகிறது. அவருக்கு 2015-இல் மகசேசே விருது கிடைத்தது. அங்கே விலைச்சீட்டுக்குப் பதில் வியர்வை. தன்மானம் என்னவோ ஒன்றுதான்.

மூன்றாவது, இன்று மேலைநாடுகளில் வசதியுள்ள இளைஞர்களே புதுமைக்காகப் பழந்துணி வாங்குகிறார்கள் என்பது. வாங்குவோர் பெருகினால் வருவாய் பெருகும்; ஆனால் விலையும் ஏறும். எந்தத் தாய்க்காகக் கடை திறந்தார்களோ அந்தத் தாய் விலைச்சீட்டைப் பார்த்துவிட்டு வெளியேறினால், கடைக்கு வருவாய் மிஞ்சும், அறம் மிஞ்சாது. இலாபத்தைக் கூட்டும்போதெல்லாம் கடைக்காரர்கள் இதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

நம்மிடம் இல்லாததா?

"இதெல்லாம் வெள்ளைக்காரர் கண்டுபிடிப்பு, நமக்கு ஒத்துவராது" என்று சிலர் சொல்லக்கூடும். தெருவில் "பழைய துணிக்குப் பாத்திரம்!" என்று கூவி வருபவரைக் கேளுங்கள். பழந்துணிக்கு விலையுண்டு என்பது நம் பாட்டிமாருக்கு நன்றாகவே தெரியும். நான்கு சேலையைப் போட்டுவிட்டு எவர்சில்வர் தூக்குச்சட்டி வாங்க அவர்கள் நடத்தும் பேரத்தை எந்தக் கல்லூரியும் கற்றுத்தர முடியாது.

அறத்துக்குப் பணம் சேர்க்கவும் நம் நாட்டுத் திருச்சபைகளுக்கு எவரும் கற்றுத்தர வேண்டியதில்லை. மிசோரம் மாநிலத்துப் பெண்கள் 1910-ஆம் ஆண்டு முதல், உலையில் அரிசி இடும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்துத் தனியே வைக்கிறார்கள். சேர்ந்ததைச் சபைக்குக் கொடுக்கிறார்கள். அது விற்கப்பட்டுப் பணமாகிறது. அந்தப் பிடியரிசி தொலைதூர மாநிலங்களில் பணியாற்றுவோரைத் தாங்குகிறது. நம் பாளையங்கோட்டையில் 1903-இல் வே. ச. அசரியாவும் அவர் நண்பர்களும் தொடங்கிய இந்திய மிஷனரி சங்கம், வெளிநாட்டுப் பணத்தை எதிர்பாராமல் நம் மக்களின் காணிக்கையைக் கொண்டே, அன்றைய ஐதராபாத் நிஜாமின் ஆட்சியிலிருந்த தோர்னக்கல் பகுதிக்குத் தொண்டர்களை அனுப்பியது. அசரியா 1912-இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரானார். ஒன்றைக் கவனியுங்கள்: பிடியரிசி மிச்சமன்று, பங்கு. உண்டது போக எஞ்சியதைக் கொடுப்பதற்கும், உண்ணுமுன் எடுத்து வைப்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு உண்டு.

எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ஒரு தேவாலயம் இருக்கிறது. ஆண்டுதோறும் அறுப்பின் பண்டிகையின்போது மக்கள் கொண்டுவந்து படைக்கும் கோழி, வாழைத்தார், பூசணி, முட்டை அனைத்தையும் ஏலம் விடுவார்கள். நாங்கள் அந்தச் சபையைச் சேர்ந்தவர்கள் அல்லர். ஆயினும் வேடிக்கை பார்க்கப் போவோம். அம்மாவோடு பீடி சுற்றும் அத்தை ஒருவர் சென்ற ஆண்டு ஒரு பூசணிக்காயை முந்நூறு ரூபாய்க்கு ஏலம் எடுத்தார். சந்தையில் அது நாற்பது ரூபாய் பெறும். கூட்டம் கைதட்டியது. பூசணியைக் கொண்டுவந்தவர் யாரென்று எவருக்கும் தெரியாது. எடுத்தவர் பெயரைத்தான் ஒலிபெருக்கி முழங்கியது. வீட்டுக்கு வந்து அந்தப் பூசணியில் ஒரு கீற்று எங்களுக்கும் கொடுத்தார். "இவ்வளவு விலையா அத்தை?" என்றேன். "காய்க்கு நாப்பது, மத்தது கோயிலுக்கு" என்றார் சிரித்துக்கொண்டே. பிரிட்டிஷ் சட்டம் காணாததை எங்கள் தெரு கண்டிருக்கிறது. அங்கே வாங்குபவரே வள்ளல்!

நம் கல்லூரியில் ஒரு நாள்

சொல்வது எளிது, செய்வது? சென்ற ஆண்டு நான் இங்கே சேர்ந்தபோது ஆய்வகத்துக்கு வெள்ளைக் கோட்டு வேண்டுமென்றார்கள். புதிதாக வாங்க முந்நூற்றைம்பது ரூபாய். படிப்பை முடித்துப் போகும் அக்கா ஒருவர் தம் கோட்டை நூறு ரூபாய்க்குத் தந்தார். இடக்கையில் வெள்ளி நைட்ரேட்டுக் கறை உண்டு; இருந்தால் என்ன? அதை நான் எண்பது ரூபாய்க்குக் கேட்டேன்; அவர் தரவில்லை! இன்றுவரை அது என் கோட்டு. எட்டாம் வகுப்பு நீலச் சட்டையைப் போல எவருடையதோ அன்று.

அந்த அக்காவைப் போல ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கானோர் நம் கல்லூரியை விட்டுப் போகிறார்கள். அவர்களுடைய கோட்டுகள், கணிப்பான்கள், பாடநூல்கள், வினாத்தாள் தொகுப்புகள் வீட்டுப் பரணில் தூசி படிகின்றன. ஜூன், ஜூலையில் முதலாண்டு மாணவர் சேரும் வாரத்தில், நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் பொறுப்பேற்று, ஒரு நாள் பழம்பொருள் அங்காடி நடத்தினால் என்ன? நாற்பது கோட்டுகள் எண்பது ரூபாய் வீதம் விற்றாலே மூவாயிரத்து இருநூறு ரூபாய் சேருமே!

ஆனால் ஐந்து விதிகள் வேண்டும். ஒன்று: தாமே அணியத் தயங்கும் பொருளை எவரும் கொண்டுவரக் கூடாது. இரண்டு: எதையும் இலவசமாகத் தரக்கூடாது, விலை குறைவாக இருக்கட்டும், ஆனால் விலை இருக்கட்டும். மூன்று: வரவு செலவுக் கணக்கை மறுநாளே அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். நான்கு: விற்காததைக் கொண்டுவந்தவரே திரும்ப எடுத்துச் செல்ல வேண்டும், நம் குப்பைக்கு இன்னோர் ஊர் அக்ராவாகக் கூடாது. ஐந்து: படம் எடுக்கக் கூடாது. இந்த ஐந்தாம் விதியை மட்டும் எவர் கேட்டாலும் நான் விட்டுத்தர மாட்டேன்.

சேரும் பணத்தில் பாதியை நம் கல்லூரியிலேயே தேர்வுக் கட்டணம் கட்ட வழியற்றவர்க்குப் பெயர் வெளியில் தெரியாமல் கொடுக்கலாம். மறுபாதி? அதை நாம் ஒருநாளும் காணப்போகாத ஓர் ஊருக்கு அனுப்ப வேண்டும் என்பேன். வெள்ளத்தில் புத்தகம் இழந்த வேறு மாநிலத்துப் பிள்ளைகளாக இருக்கலாம். போரில் பள்ளி இழந்த வேறு நாட்டுப் பிள்ளைகளாகவும் இருக்கலாம். "நமக்கே இல்லை, வெளியாருக்கு ஏன்?" என்று கேட்பீர்கள். அதனால்தான்! நம்மில் பெரும்பாலோர் சிறுவயது முதல் பெற்றுக்கொண்டே வளர்ந்தவர்கள். விலையில்லாப் பாடநூல், விலையில்லாச் சீருடை, மதிய உணவு என்று பெற்றோம். அவை நம் உரிமை, அதில் நாணமில்லை. ஆனால் கொடுக்கும் இன்பம் மட்டும் வேறு யாருக்கோ உரியது என்ற எண்ணம் நம்மை அறியாமலே நம்முள் ஊறிவிட்டது. எண்பது ரூபாய்க்குக் கோட்டு வாங்கும் முதலாண்டு மாணவி, அதில் நாற்பது ரூபாய் கடல் கடந்து ஒரு பிள்ளையின் பலகையாகிறது என்று அறிந்தால், அன்றே அவள் நிமிர்ந்து நடப்பாள். உதவி பெறும் பட்டியலிலிருந்து அவள் பெயர் உதவுவோர் பட்டியலுக்கு மாறிவிடும்.

ஆல்டோனாப் பெண்கள் நால்வர்தாம். நாமோ ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள். வரும் ஜூனில் என் வெள்ளைக் கோட்டைக் கொண்டுவர இயலாது. இன்னும் ஓராண்டு எனக்கு அது வேண்டும். ஆனால் முதலாண்டுப் பாடநூல்கள் மூன்றை அட்டை போட்டு எடுத்து வைத்திருக்கிறேன். விலை முப்பது ரூபாய். பேரம் பேசலாம்!